வழுக்குத் தாங்கிகளின் வரலாறு: செங்கோட்டை மலைப்பாதையும் அதிவேகக் காற்றமுக்கிகளும்

வழுக்குத் தாங்கி என்பது, சுழலும் தண்டைக் குண்டுகளோ உருளைகளோ இல்லாமல், எண்ணெய் பரவிய வழவழப்பான உலோகப் பரப்பின்மீது தாங்கும் பொறி உறுப்பு ஆகும். பட்டறைகளில் இதைப் 'புஷ்' என்றும், இரண்டு பாதிகளாக வருவதைப் 'பேரிங்' என்றும் அழைப்பர். மாட்டுவண்டியின் சக்கரக் குடம், நீராவி எஞ்சினின் அச்சுப்பெட்டி, லாரி எஞ்சினின் கிராங்க் தண்டு, கம்ப்ரசர் எனப்படும் காற்றமுக்கியின் இணைப்புத் தண்டு ஆகிய எல்லாவற்றிலும் இதே கருத்தே பல வடிவங்களில் செயல்படுகிறது.

பிஸ்டன் முன்னும் பின்னுமாக ஓடும் பொறிகளில் தாங்கியின்மீது விழும் பளு ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது. இந்தத் திசைமாற்றமே தாங்கியை உடைக்கும் பகை என்று 19ஆம் நூற்றாண்டின் பொறியாளர் சிலர் கருதினர். அதே திசைமாற்றம் இல்லாவிட்டால் தாங்கி கருகிவிடும் என்று இன்றைய தரநிலைகள் கூறுகின்றன. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மக்களுக்கு நன்கு அறிமுகமான செங்கோட்டை மலை ரயில்பாதையில் இத்தாங்கிகள் ஆற்றிய பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வண்டி அச்சும் மையும்

ரயில் வருவதற்கு முன் தென்காசிச் சமவெளிக்கும் மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூருக்கும் இடையே சரக்குகள் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மாட்டுவண்டிகளில் சென்றன. மாட்டுவண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள குடம்தான் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. குடத்தின் உள்ளே பொருத்தப்பட்ட இரும்புக் குழல் அச்சின்மீது வழுக்கிச் செல்கிறது. சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி காக்கிறது. இது முழுமையான ஒரு வழுக்குத் தாங்கி ஆகும்.

இதற்கு இடப்பட்ட மசகு வண்டி மை எனப்பட்டது. வைக்கோலை எரித்துக் கிடைத்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இதைச் செய்தனர். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு மிகுந்தது. உலோகத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கரித்தூள் அது எளிதில் வழிந்தோடாமல் பிடித்து வைத்தது. மை காய்ந்துபோன வண்டி ஊருக்கே கேட்கும்படி கிறீச்சிடும். மாடுகளும் விரைவில் களைத்துவிடும். ஆகவே நெடுந்தொலைவு செல்லும் வண்டிக்காரர்கள் மை வைத்த மூங்கில் குழாயை வண்டியிலேயே தொங்கவிட்டுச் சென்றனர்.

வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகமே. அந்த வேகத்தில் எண்ணெய் உலோகங்களை முழுமையாகப் பிரித்து வைப்பதில்லை. குடமும் அச்சும் ஓரளவு உரசிக்கொண்டேதான் ஓடும். தேய்வும் மெதுவாகவே நிகழும். வேகமும் பளுவும் கூடியபோதுதான் தாங்கியின் உண்மையான சிக்கல் தலைகாட்டியது.

மலையேறிய ரயில்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரையிலான மீட்டர்கேஜ் பாதை 1903இல் திறக்கப்பட்டது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலான மலைப்பகுதி 1904இல் திறக்கப்பட்டு, திருநெல்வேலியும் கொல்லமும் இணைந்தன. அப்போது தென்காசி சென்னை மாகாணத்திலும், செங்கோட்டை ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியிலிருந்த திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. தென்னிந்திய ரயில்வே இப்பாதையில் வண்டிகளை இயக்கியது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் அருவியில் குளிக்க வருவோர் தென்காசி நிலையத்தில் இறங்கி, சுமார் 5 கி.மீ. தொலைவை வண்டிகளில் கடந்தனர். அதே ரயில் செங்கோட்டையைத் தாண்டியதும் குகைப் பாதைகளையும், கழுதுருட்டி அருகிலுள்ள பதிமூன்று கண் பாலத்தையும் கடந்து மலையில் ஊர்ந்தது. ஏற்றம் கடினமாக இருந்ததால் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளவும் ஓர் எஞ்சினை இணைப்பது வழக்கம்.

நீராவி எஞ்சினில் பிஸ்டனின் முன்பின் இயக்கம் குறுக்குத்தலை, இணைப்புத் தண்டு ஆகியவற்றின் வழியாகச் சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது. இணைப்புத் தண்டின் பெரிய முனை, சிறிய முனை, சக்கரங்களைப் பிணைக்கும் தண்டுகள், அச்சுப்பெட்டிகள் எனப் பல இடங்களில் வழுக்குத் தாங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண்ணெய்க் குழி உண்டு. கம்பளி நூல் திரி குழியிலிருந்து எண்ணெயை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாகத் தாங்கிக்கு இறக்கியது. வண்டி புறப்படும் முன் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையுடன் எஞ்சினைச் சுற்றி வருவது ஓட்டுநரின் கடமைகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்களில் ஆமணக்கெண்ணெயும் மசகாகப் பயன்பட்டது. அவ்வகையில் வண்டி மையின் மூலப்பொருள் இரும்புப் பாதைக்கும் வந்து சேர்ந்தது.

பயணிகள் பெட்டிகளின் அச்சுப்பெட்டிகளில் எண்ணெயில் ஊறிய பருத்தி நூல் கழிவு திணிக்கப்பட்டிருந்தது. அச்சு சுழலும்போது அந்த நூல் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு மழை ஒரு பகை. பெட்டிக்குள் புகும் நீர் எண்ணெயைவிட எடை மிகுந்தது ஆகையால் அடியில் தங்கி, எண்ணெயை மேலே தூக்கி வெளியே வழியச் செய்துவிடும். எண்ணெய் குறைந்த அச்சு சூடேறிப் புகையும். ரயில்வே ஊழியர்கள் இதை 'ஹாட் ஆக்சில்' என்றனர். கவனிக்காமல் விட்டால் உலோகம் உருகி, அச்சின் முனையே முறிந்து, பெட்டி தடம்புரளும் ஆபத்து உண்டு. மழை மிகுந்த மலைப்பாதையில் இது வெறும் பராமரிப்புக் குறைபாடன்று. பயணிகளின் உயிரோடு தொடர்புடையது. அதனால் வண்டி நிற்கும் நிலையங்களில் ஊழியர்கள் அச்சுப்பெட்டிகளைக் கையால் தொட்டுச் சூடு பார்த்தனர்.

வெள்ளை உலோகம்

இத்தாங்கிகளின் உட்பரப்பில் வெள்ளை உலோகம் எனப்படும் மென்மையான கலவை பூசப்பட்டிருந்தது. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் இது பாபிட் உலோகம் என்றும் வழங்குகிறது. இதில் வெள்ளீயம் ஏறத்தாழ 89 விழுக்காடு. மீதி ஆன்டிமனியும் செம்பும்.

கடினமான எஃகுத் தண்டைத் தாங்க மென்மையான உலோகம் ஏன் என்ற ஐயம் மாணவர்களுக்கு எழலாம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எண்ணெயில் வரும் மணலும் இரும்புத் துகளும் மென்மையான உலோகத்தில் புதைந்துவிடும், தண்டைக் கீறாது. இரண்டாவது, தண்டு சற்றுச் சாய்ந்திருந்தாலும் மென்மையான பரப்பு அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். மூன்றாவது, எண்ணெய் தீர்ந்துவிட்டால் வெள்ளை உலோகம் முதலில் உருகும். விலை மிகுந்த தண்டு தப்பிவிடும். உருகிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம்.

வார்த்த தாங்கியை அப்படியே பொருத்துவதில்லை. தண்டின்மீது நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, தாங்கியை அதன்மேல் வைத்துச் சுற்றுவர். சாயம் ஒட்டிய இடங்கள் மேடு என்று அறிந்து அவற்றைச் சுரண்டியால் சீவுவர். சாயம் பரப்பெங்கும் சீராகப் படியும்வரை இது தொடரும். நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு மாறிய தென்னிந்திய ரயில்வேப் பணிமனை போன்ற பெரிய பணிமனைகளில் இது ஒரு தனிக் கைத்திறனாக இருந்தது. அக்கையின் பழக்கத்தைப் பொறுத்தே எஞ்சினின் ஓட்டம் அமைந்தது.

தக்கையைத் தள்ளிய எண்ணெய்

வெள்ளை உலோகம் ஏன் உதவுகிறது என்பது தெரிந்திருந்தாலும், எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்பது 1880கள் வரை எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அது பரப்பை வழவழப்பாக்குகிறது என்ற அளவிலேயே நினைத்தனர்.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு போன்ற ஒரு தண்டை வைத்து ஆய்வு செய்தார். தண்டின் விட்டம் 4 அங்குலம், தாங்கியின் நீளம் 6 அங்குலம். தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்திருக்க, மேற்பகுதியைத் தாங்கி மூடியிருந்தது. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இடப்பட்டது. பொறி ஓடியபோது அத்துளை வழியே எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே பொங்கியது. டவர் துளையைத் தக்கையால் அடைத்தார். எண்ணெய் தக்கையை வெளியே தள்ளியது. மரக்கட்டையை அடித்தார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானியை இணைத்தபோது, தாங்கியின் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் காட்டியது. 1883இல் வெளியான இந்த முடிவு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. ஓடும் தண்டு உலோகத்தின்மீது அமர்ந்திருக்கவில்லை, எண்ணெயின்மீது மிதந்துகொண்டிருந்தது.

இதன் கணிதத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் வெளியிட்டார். தண்டு தாங்கியின் நடுவில் இல்லாமல் சற்று விலகி நிற்பதால், இடைவெளி ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகலான பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்கப்படும் எண்ணெயில் அழுத்தம் உயர்ந்து தண்டைத் தூக்குகிறது. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் ஓடத் தொடங்கிய அதே 1904ஆம் ஆண்டில், ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் ரெனால்ட்ஸின் சமன்பாட்டுக்கு ஒரு முழுமையான தீர்வைத் தந்தார். மலையேறிய எஞ்சினின் அச்சுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத்தான் அக்கணிதம் விளக்கியது.

டவரின் ஆய்விலிருந்து வடிவமைப்பாளர்கள் கற்ற நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. பளு மிகுந்த இடத்தில் எண்ணெய்த் துளையோ பள்ளமோ வெட்டக் கூடாது. வெட்டினால் எண்ணெய் அதன் வழியே வெளியேறி, தாங்கும் அழுத்தம் குலைந்துவிடும். பளு குறைந்த பக்கத்தில்தான் எண்ணெயைச் செலுத்த வேண்டும்.

வேகம் கூடினால் என்ன ஆகும்

டவரின் ஆய்வில் பளு எப்போதும் ஒரே திசையில் இருந்தது. பிஸ்டன் பொறிகளில் அவ்வாறில்லை. பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் ஒரு கணம் நின்று, எதிர்த்திசையில் திரும்புகிறது. அதை நிறுத்தித் திருப்பத் தேவையான விசை முழுவதும் இணைப்புத் தண்டின் தாங்கிகள் வழியே செல்கிறது. இந்த நிலைம விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். பிஸ்டனும் அதனுடன் நகரும் உறுப்புகளும் சேர்ந்து 10 கிலோ, கிராங்கின் ஆரம் 50 மி.மீ. என்று கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றில் நிலைம விசை சுமார் 490 நியூட்டன். அதாவது 50 கிலோ எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அது சுமார் 12,300 நியூட்டன். ஒன்றேகால் டன் எடைக்குச் சமம். வேகம் 5 மடங்கு ஆனால் விசை 25 மடங்கு ஆகிறது. இணைப்புத் தண்டு சாய்வதால் ஒரு முனையில் இது இன்னும் கூடும். இந்த விசை வினாடிக்கு 25 முறை ஒருபுறமும் 25 முறை மறுபுறமும் மாறிமாறித் தாக்கும்.

தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் நிற்க இடமிராது. ஆனால் பளு திசை மாறும்போது அந்த இடைவெளியைத் தாண்டித் தண்டு மறுபுறம் மோதும். இதுவே எஞ்சின்களில் கேட்கும் 'தட், தட்' என்ற ஒலி. மின்னாக்கிகளை நேரடியாகச் சுழற்ற அதிவேக எஞ்சின்கள் தேவைப்பட்ட 1880களில் இந்த மோதல் பெரும் தடையாக இருந்தது.

இரண்டு விடைகள்

இச்சிக்கலுக்கு இங்கிலாந்தில் இரண்டு விடைகள் தோன்றின. முதலாவது பீட்டர் வில்லன்ஸ் தந்தது. பளு திசை மாறினால்தானே மோதல், மாறவே விடாமல் செய்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அவருடைய எஞ்சினில் நீராவி பிஸ்டனை மேலிருந்து மட்டுமே தள்ளியது. பிஸ்டன் மேலே திரும்பும் வேளையில் அடைபட்ட காற்று அதை எதிர்த்து அழுத்தியது. அதனால் இணைப்புத் தண்டு எந்நேரமும் கீழ்நோக்கியே அழுத்தப்பட்டது. தாங்கியில் தேய்வு இருந்தாலும் தட்டும் ஒலி எழவில்லை. ஆரம்பகால மின்நிலையங்களில் இந்த எஞ்சின்கள் பரவலாகப் பயன்பட்டன.

இரண்டாவது விடை பர்மிங்ஹாமின் பெல்லிஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அங்குப் பணியாற்றிய ஆல்பர்ட் பெயின் 1890இல் அழுத்த மசகு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிறிய பம்ப் எண்ணெயை அழுத்தத்துடன் தாங்கிகளுக்குள் செலுத்தியது. கிராங்க் தண்டில் துளையிட்டு, அதன் வழியே எண்ணெய் பெரிய முனைக்கும் அங்கிருந்து பிற தாங்கிகளுக்கும் சென்றது. இடைவெளி எப்போதும் எண்ணெயால் நிரம்பியிருந்ததால், பளு திசை மாறும்போது தண்டு உலோகத்தில் மோதவில்லை. எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அது பிதுங்கி முடிவதற்குள் பளு மீண்டும் திரும்பிவிட்டது.

இரண்டாவது விடையே நிலைத்தது. இன்று ஓடும் கார் எஞ்சின், லாரி எஞ்சின், பெரிய காற்றமுக்கி ஆகியவை பெயினின் முறையையே பின்பற்றுகின்றன. எண்ணெய் பிதுங்க நேரமாகும் என்ற பண்பைப் பொறியாளர்கள் பிதுக்கப் படல விளைவு என்பர். ஈரக் களிமண்ணில் பலகையை அழுத்தினால் அது உடனே தரையைத் தொடாமல் மெல்ல மெல்ல இறங்குவது இதைப் போன்றது.

ஊசியின் சிக்கல்

பெரிய முனைத் தாங்கியில் தண்டு முழுச்சுற்றுச் சுழல்கிறது. ஆகவே ஆப்புப் படலமும் உண்டு, பிதுக்கப் படலமும் உண்டு. ஆனால் குறுக்குத்தலை ஊசி அல்லது பிஸ்டன் ஊசி முழுச்சுற்றுச் சுழல்வதில்லை. இணைப்புத் தண்டு ஊசலாடும் அளவுக்குச் சில பாகை இப்படியும் அப்படியும் அசைகிறது. இந்த அசைவால் வலுவான ஆப்புப் படலம் உருவாகாது. ஊசியைக் காப்பது பிதுக்கப் படலம் மட்டுமே.

பிதுங்கிய எண்ணெய்க்குப் பதிலாகப் புதிய எண்ணெய் உள்ளே வர வேண்டுமானால், ஊசி ஒரு கணமாவது தாங்கியின் அழுத்தப்பட்ட பக்கத்தை விட்டு விலக வேண்டும். அதாவது பளு திசை மாற வேண்டும். மாறாவிட்டால் எண்ணெய் முழுதும் பிதுங்கி, உலோகம் உலோகத்தைத் தொட்டு, தாங்கி கருகிவிடும். வில்லன்ஸ் தவிர்க்க முயன்ற திசைமாற்றம் இங்கே உயிர்நாடியாகிறது. பெட்ரோலியத் தொழில், வேதித்தொழில், எரிவாயுத் தொழில் ஆகியவற்றின் முன்பின் இயக்கக் காற்றமுக்கிகளுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 618ஆம் தரநிலை இதை எண்களாலேயே கூறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எதிர்த்திசைப் பளு குறைந்தது 15 பாகை கிராங்க் கோணத்துக்கு நீடிக்க வேண்டும். அதன் உச்ச அளவு மறுதிசைப் பளுவில் குறைந்தது 3 விழுக்காடாக இருக்க வேண்டும்.

இதனால் இயக்குநர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. இருபுறமும் வாயுவை அமுக்கும் பொறியில், தேவை குறைவு என்று ஒருபுறத்து வால்வுகளைச் செயலிழக்கச் செய்தால், மொத்தப் பளு குறைவதுபோல் தோன்றும். ஆனால் திசைமாற்றமும் மறைந்துவிடக்கூடும். பளு குறைந்த வேளையில் ஊசி கருகும் விந்தை இவ்வாறே நேர்கிறது.

டீசல் எஞ்சினும் எக்ஸ்பிரஸரும்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் ஒய்டிஎம்-4 வகை மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்தன. பின்னர் அவை வாரணாசியிலும் தயாரிக்கப்பட்டன. செங்கோட்டை மலைப்பாதையிலும் நீராவிக்குப் பின் டீசல் எஞ்சின்களே வண்டிகளை இழுத்தன.

மீட்டர்கேஜ் வண்டிகளில் வெற்றிட பிரேக் இருந்தது. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால் பிரேக் விடுபடும். வெற்றிடம் குலைந்தால் பிரேக் பிடிக்கும். நீராவி எஞ்சினில் நீராவித் தாரையே காற்றை உறிஞ்சி எடுத்தது. டீசல் எஞ்சினில் நீராவி இல்லை. ஆகவே பிஸ்டன்களால் காற்றை உறிஞ்சும் பொறி தேவைப்பட்டது. எஞ்சினின் சொந்த பிரேக்குக்கும் பிற கருவிகளுக்கும் அமுக்கிய காற்றும் வேண்டும். உறிஞ்சியையும் காற்றமுக்கியையும் ஒரே உறையில் சேர்த்த பொறிக்கு 'எக்ஸ்பிரஸர்' என்று பெயர். டீசல் எஞ்சினே அதைச் சுழற்றியது. அழுத்த மசகு பெறும் இணைப்புத் தண்டுத் தாங்கிகள் அதன் உயிர்ப்பான உறுப்புகள்.

மலை இறக்கத்தில் பிரேக்கைப் பலமுறை பிடித்து விடவேண்டும். ஒவ்வொரு முறையும் குழாயில் நுழைந்த காற்றை எக்ஸ்பிரஸர் மீண்டும் உறிஞ்ச வேண்டும். அது பழுதானால் வண்டி கட்டவிழ்ந்து ஓடாது. பிரேக் பிடித்து நின்றுவிடும். ஆனால் காட்டுக்கு நடுவே ஒற்றைப் பாதையில் நின்ற வண்டி, முன்னும் பின்னும் எல்லா வண்டிகளையும் நிறுத்திவிடும். ஒரு சாண் அகலத் தாங்கியின் நிலை ஒரு முழுப் பாதையின் நேரத்தை முடிவு செய்தது.

மெல்லிய உறைத் தாங்கிகளும் கோயம்புத்தூரும்

வெள்ளை உலோகத்துக்கு ஒரு குறை உண்டு. மாறிமாறி விழும் பளுவில் அது களைத்து விரிசல் விடும். பூச்சு தடிமனாக இருக்க இருக்க இக்குறை மிகும். இதை உணர்ந்தபின், எஃகுத் தகட்டின்மீது மெல்லிய பூச்சிட்டு, அரைவட்டமாக வளைத்த உறைத் தாங்கிகள் 1930களில் அமெரிக்க மோட்டார் தொழிலில் பரவின. வெள்ளை உலோகத்தைவிட வலிமையான செம்பு-காரீயக் கலவையும், பின்னர் அலுமினியம்-வெள்ளீயக் கலவையும் வந்தன. செம்பு-காரீயத்தின்மேல் ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள மென்மையான மேற்பூச்சு இடப்படுகிறது. துகளைப் புதைத்துக்கொள்ளும் பண்பை மேற்பூச்சும், பளுவைத் தாங்கும் பண்பை அடியிலுள்ள உலோகமும் பகிர்ந்துகொள்கின்றன.

தமிழ்நாட்டில் இத்தொழில் 1960களில் வேரூன்றியது. காற்றமுக்கிகளுக்குப் பெயர்பெற்ற எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டு, கோயம்புத்தூர் உள்ளிட்ட இடங்களில் மெல்லிய உறைத் தாங்கிகளைத் தயாரித்தது. இரு உலோகம் என்ற பொருளுடைய அதன் பெயரே எஃகு முதுகும் மென்மையான முகமும் கொண்ட தாங்கியைக் குறிப்பதாகும்.

உறைத் தாங்கி வந்தபின் சுரண்டும் கைத்திறனுக்கு வேலை குறைந்தது. தொழிற்சாலையில் நுண்ணளவாகச் செய்த உறையை எடுத்து அமர்த்தினால் போதும். அதைச் சுரண்டினால் மேற்பூச்சே போய்விடும். ஒரு தலைமுறையினர் பெருமையாகக் கற்ற திறன் அடுத்த தலைமுறையில் செய்யக் கூடாத செயலாயிற்று. அதற்குப் பதிலாகத் தூய்மையும் அளவீடும் முதன்மை பெற்றன.

வடிவமைப்பின் படிகள்

அதிவேகக் காற்றமுக்கி என்பது பொதுவாக நிமிடத்துக்கு 900 முதல் 1,800 சுற்று வரை ஓடுவது. அதன் தாங்கியை வடிவமைப்போர் பின்வருவனவற்றைக் கணிக்கின்றனர்.

பரப்பழுத்தம்: பளுவைத் தாங்கியின் விட்டம், நீளம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 100 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட தாங்கியில் 30,000 நியூட்டன் பளு விழுந்தால், அழுத்தம் சதுர மி.மீ.க்கு 6 நியூட்டன். இதையும் உச்சப் பளுவையும் பார்த்தே உலோகம் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இடைவெளி: தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மி.மீ. தண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. குறைந்தால் எண்ணெய் போதிய அளவு ஓடாமல் சூடேறும். கூடினால் மோதலும் எண்ணெய்க் கசிவும் மிகும்.

நீளம்: பழைய தாங்கிகள் விட்டத்துக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருந்தன. இன்றைய தாங்கிகள் விட்டத்தில் பாதியளவே இருக்கின்றன. குட்டையான தாங்கியில் எண்ணெய் விரைவாக வெளியேறி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தண்டு வளைந்தாலும் விளிம்பு உரசுவது குறைகிறது.

எண்ணெய்ப் படலம்: பளு மிகுந்த கணத்தில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. மனிதத் தலைமுடியின் தடிமனில் இது இருபதில் ஒரு பங்கு அளவே ஆகும். ஆகவே எண்ணெயை வடிகட்டுவதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

தண்டின் பாதை: ஒரு சுற்றின் ஒவ்வொரு கணத்திலும் தண்டின் நடுப்புள்ளி தாங்கிக்குள் எங்கே இருக்கிறது என்று கணிக்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் புக்கர் 1965இல் வெளியிட்ட இயங்குதன்மை முறை இக்கணக்கை எளிதாக்கியது. கணினிகள் பரவியபோது இம்முறையும் உலகெங்கும் பரவியது.

குண்டுத் தாங்கியை ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி இயல்பானது. ஒரே துண்டாக வார்க்கப்பட்ட கிராங்க் தண்டின் நடுப்பகுதியில் முழு வளையத்தைப் பொருத்த இயலாது. இரண்டாகப் பிளக்கும் தாங்கியே வேண்டும். குண்டு தொடும் இடம் மிகச் சிறியதாகையால் மோதும் பளுவில் அது விரைவில் களைத்துவிடும். எண்ணெய்ப் படலமோ அந்த மோதலை ஏற்றுத் தணிக்கிறது. படலம் குலையாத வரையில் தாங்கிக்குத் தேய்வு மிகக் குறைவு. தொடக்கத்திலும் நிறுத்தத்திலும், வேகம் குறைந்து படலம் மெலியும் சில வினாடிகளில்தான் பெரும்பகுதித் தேய்வு நிகழ்கிறது. இதனால் பெரிய பொறிகளில் தண்டு சுழலும் முன்பே தனிப் பம்ப் எண்ணெயைச் செலுத்துகிறது.

இன்றைய நிலை

செங்கோட்டை, புனலூர் இடையிலான மீட்டர்கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டபின் 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. இன்று மலையேறும் பெட்டிகளின் அச்சுகள் உருளைத் தாங்கிகளில் ஓடுகின்றன. நூல் கழிவும் எண்ணெய்க் குவளையும் மறைந்துவிட்டன. அச்சுப்பெட்டியில் வழுக்குத் தாங்கியின் காலம் முடிந்தது என்றே கூறலாம்.

பளு திசை மாறும் இடங்களில் அதன் காலம் முடியவில்லை. தென்காசிச் சாலைகளில் ஓடும் லாரியின் எஞ்சினிலும், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலும் அது தொடர்ந்து பணியாற்றுகிறது. எஞ்சினில் புதிதாக ஒரு தட்டும் ஒலி கேட்டாலோ, எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ, வடிகட்டியில் வெள்ளி நிறத் துகள்கள் தென்பட்டாலோ, பொறியை உடனே நிறுத்திவிட வேண்டும். அந்நிலையில் மாற்ற வேண்டியது ஓர் உறைத் தாங்கி மட்டுமே. மேலும் சில கி.மீ. ஓட்டிப் பார்த்தால், கிராங்க் தண்டையே மாற்ற நேரிடும்.